பொறி வராத எஞ்சின் முன் நிற்கும்போது: திறன் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

மலேசியத் திறன் சான்றிதழுக்கு, அதாவது எஸ்.கே.எம். மூன்றாம் நிலைக்கு, வாகனத் துறையில் படிக்கும் தம்பி தங்கைகள் பெரும்பாலும் பயப்படுவது பழுதறியும் செய்முறைத் தேர்வுக்குத்தான். எஞ்சினில் ஏதோ ஒன்றைக் கழற்றியோ மாற்றியோ வைத்துவிட்டு, “கிளம்பவில்லை, காரணம் கண்டுபிடி” என்று விட்டுவிடுவார்கள். நான் கோலாலம்பூரில் படித்தபோது மாலை வேளைகளில் செந்தூலில் ஒரு பட்டறையில் வேலையும் பார்த்தேன். தேர்வில் எனக்குக் கைகொடுத்தது பெரும்பாலும் அந்தப் பட்டறைப் பழக்கம்.

அங்கே மூத்த மெக்கானிக்காக இருந்த அண்ணன், மின்னளவு பார்க்கும் மீட்டரை நான் தொடும் முன்பே தடுப்பார். “என்ன அளவு வரும் என்று எதிர்பார்க்கிறாய் தம்பி? அதைச் சொல்லிவிட்டு வை” என்பார். இதையே தேர்வுக்கும் பிடித்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டாளர் பார்ப்பது உங்கள் கையை மட்டுமல்ல, எந்தக் காரணத்துக்காக எந்தச் சோதனையைச் செய்கிறீர்கள் என்பதையும்தான். ஸ்பார்க் பிளக்கை (சிலிண்டருக்குள் பொறி தெறிக்கும் முனை) மாற்றிப் பார்த்தேன், காயிலை (அந்தப் பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) மாற்றிப் பார்த்தேன், கிளம்பிவிட்டது என்று முடிப்பவரிடம் “ஏன் அதை மாற்றினீர்கள்?” என்று கேட்டால் பதில் இருக்காது.

முதலில் பேட்டரி. ஓய்வில் இருக்கும்போது ஏறக்குறைய 12.6 வோல்ட் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் காயிலைப் பற்றிப் பேசுவதற்கே இடமில்லை, பேட்டரியைத்தான் கவனிக்க வேண்டும். நிமிடக் கணக்கில் முடிகிற வேலைதான், ஆனாலும் அவசரத்தில் பலர் தவறவிடுகிறார்கள்.

அடுத்து, பொறி இருக்கிறதா என்ற சோதனை. பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் சாய்த்து வைத்து, ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வெளிக்காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டுவது பொறிக்கு எளிது. சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவையில் அதே இடைவெளியைத் தாண்ட அதைவிடப் பல மடங்கு மின்னழுத்தம் வேண்டும். வெளியே நன்றாகத் தெரியும் பொறி உள்ளே செத்துப்போவது அதனால்தான். இடைவெளியைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பார்க் டெஸ்டரைக் கேட்டு வாங்குங்கள். நீலம் கலந்த வெள்ளையில் சத்தத்தோடு வெடித்தால் பலமான பொறி. மஞ்சளும் ஆரஞ்சுமாக நூல்போல் வந்தால் பலவீனம். சோதனைக்கு முன், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் மின் இணைப்புகளைக் கழற்றிவிடுங்கள். பொறி தெறிக்கும் இடத்தில் பெட்ரோல் ஆவி இருக்கக் கூடாது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைக் கெடுக்கவும் கூடாது. இதைச் சொல்லிக்கொண்டே செய்தால் பாதுகாப்புப் பகுதிக்கும் மதிப்பெண் சேரும்.

இப்போதுதான் வழி இரண்டாகப் பிரிகிறது. எல்லாச் சிலிண்டரிலும் பொறி இல்லையா, ஒன்றில் மட்டும் இல்லையா? எல்லாவற்றிலும் இல்லை என்றால் எல்லாவற்றுக்கும் பொதுவானதைத் தேடுங்கள்: ஃபியூஸ், சாவியிலிருந்து வரும் மின்சாரம், எஞ்சின் சுற்றுவதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர். டிஸ்ட்ரிபியூட்டர் (பொறி மின்சாரத்தைச் சிலிண்டர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் பகுதி) உள்ள பழைய புரோட்டோன் வீரா காராக இருந்தால் ஒரே காயில்தான் நான்குக்கும் ஊட்டுகிறது, ஆகவே அதையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். கூடவே டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, ஸ்டார்ட்டர் சுற்றும்போது உள்ளே இருக்கும் ரோட்டர் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லை என்றால், எஞ்சினின் சுழற்சியை அங்கே கொண்டுவரும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். பெரோடுவா மைவி காரில் ஒவ்வொரு பிளக்கின் மேலும் தனிக் காயில் உட்கார்ந்திருக்கிறது. ஒன்று செத்தால் எஞ்சின் கிளம்பும், ஆனால் உதறும்.

பொதுவான பழுதில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி ஒன்று உண்டு: இன்ஜெக்டருக்கு மின்துடிப்பு வருகிறதா? அதன் இணைப்பில் சிறிய சோதனை விளக்கைச் செருகி, ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டுப் பாருங்கள். விளக்கு மின்னுகிறது, ஆனால் பொறி இல்லை என்றால் எஞ்சின் சுற்றுவது வண்டியின் கணினிக்குத் தெரிந்திருக்கிறது. கிராங்க் சென்சார் உயிரோடு இருக்கிறது. காயிலுக்கு வரும் மின்சாரத்தைப் பாருங்கள். விளக்கும் மின்னவில்லை, பொறியும் இல்லை என்றால் சந்தேகம் கிராங்க் சென்சார் பக்கமும் கணினிக்கான மின்சாரத்தின் பக்கமும் திரும்பும். அந்தக் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் கிடைத்தால், சுற்றும்போது ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எண்ணைப் பாருங்கள். எஞ்சின் சுற்ற, திரையில் பூஜ்ஜியம் நின்றால், கிராங்க் சென்சாரின் தகவல் வரவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

காயிலின் கோட்பாட்டை இங்கே விளங்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் எழுத்துத் தேர்விலும் அது வரும். மின்சாரம் கொடுக்கும்போது பொறி வருகிறது என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். பொறி வருவது மின்சாரத்தை நிறுத்தும் கணத்தில். முதன்மைச் சுருளில் ஓடும் மின்னோட்டம் காந்தப்புலத்தை வளர்க்கிறது; அது சட்டென்று அறுபடும்போது புலம் குலைந்து, பல ஆயிரம் சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுருளில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் எழுகிறது. இது புரிந்துவிட்டால் பேட்டரி பலவீனமானால் பொறியும் ஏன் பலவீனமாகிறது என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எழுத்துத் தாளுக்கு மலாயில் விடை எழுதுவதாக இருந்தால், இந்தக் காரணத்தை இரண்டு மூன்று வாக்கியங்களில் மலாயில் எழுதிப் பழகிவிடுங்கள். நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் பரவலான 1-3-4-2 என்ற எரி வரிசையும் (சிலிண்டர்களில் பொறி வரும் வரிசை) நாக்கு நுனியில் இருக்கட்டும்.

பழைய வகைக் காயிலில் முதன்மைச் சுருளுக்கு ஏறக்குறைய அரை ஓமிலிருந்து இரண்டு ஓம் வரை வரும், இரண்டாம் சுருளுக்கு ஆயிரக்கணக்கில் வரும். இவ்வளவு சிறிய அளவை எடுக்கும்போது மீட்டரின் இரு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு, அதில் தெரியும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தை விட்டு அறுக்கும் இக்னைட்டர் உள்ளேயே அடங்கிய மைவி வகைக் காயிலில் ஓம் அளவு நம்பத்தக்கதல்ல. அங்கே இடம் மாற்றும் சோதனைதான் சிறந்தது. ஸ்கேனரில் பி0303 வந்தால் மூன்றாம் சிலிண்டரில் எரிப்பு தவறுகிறது. மூன்றாவது காயிலை முதலாவதோடு மாற்றி வைத்து ஓட்டுங்கள். குறியீடு பி0301 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாமல் நின்றால் பிளக்கை அதே முறையில் மாற்றுங்கள். அதற்குப் பிறகும் மூன்றிலேயே நின்றால் இன்ஜெக்டரும் கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) மிச்சம்.

பிளக்கைக் கழற்றினால் உடனே துடைத்துவிடாதீர்கள், அதன் முகத்தைப் படியுங்கள். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பசை என்றால் பிஸ்டன் வளையமோ வால்வு சீலோ. வெளுத்துக் கொப்பளித்திருந்தால் அதிகச் சூடு. வெள்ளைப் பீங்கான் உடலையும் வெளிச்சத்தில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். பட்டறையில் உதறலோடு வந்த மைவி ஒன்றில் அந்தப் பீங்கான் நெடுக, பென்சிலால் கீறியதுபோல ஒரு மெல்லிய கருங்கோடு ஓடியிருந்தது. மின்சாரம் பிளக் முனைக்குப் போகாமல் அந்த வழியாக இரும்புக்குக் கசிந்துகொண்டிருந்தது. காயிலின் ரப்பர் உறையின் உட்புறத்திலும் அதே இடத்தில் அதே கோடு. பிளக்கை மட்டும் மாற்றியிருந்தால் பழைய ரப்பர் புதுப் பிளக்கிலும் கோடு போட்டிருக்கும். பிளக் குழியில் எண்ணெய் தேங்கியிருந்ததால், வால்வு மூடியின் சீலையும் சேர்த்து மாற்றினோம்.

கோலாலம்பூரின் மாலை மழைக்குப் பிறகு மட்டும் வரும் பழுதுகளும் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழை விரிசல், பிளக் வயரின் மேலுறையில் வெடிப்பு. இருட்டில் தண்ணீரை லேசாகத் தெளித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் நீலப் பொறி எங்கே தாவுகிறது என்று கண்ணுக்கே தெரியும். அந்த நேரத்தில் வயரில் கை வைக்காதீர்கள்.

அறிக்கைத் தாளில் புகார், செய்த சோதனை, எதிர்பார்த்த அளவு, கிடைத்த அளவு, முடிவு என்ற வரிசையில் எழுதுங்கள். பிளக் இடைவெளி, அதை இறுக்கும் விசை போன்ற எண்களை நினைவிலிருந்து எழுதாமல் அந்த வண்டிக்கான சர்வீஸ் கையேட்டைக் கேளுங்கள்; கேட்பதால் மதிப்பெண் குறையாது. பழுதை நீக்கியபின் குறியீட்டை அழித்து, எஞ்சினைச் சூடேற்றி, மறுபடியும் ஸ்கேன் செய்து, அது திரும்ப வரவில்லை என்பதையும் கடைசி வரியில் பதிவு செய்யுங்கள்.