அகல நின்ற கோதுமையும் நெருங்கி நின்ற கோதுமையும்

கோத்தகிரியில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலத்தில் இந்தப் போகம் கோதுமையை இரண்டு விதமாகப் போட்டேன். ஒரு பாத்தியில் செடிக்குச் செடி ஒன்றரை அடி. பக்கத்துப் பாத்தியில் வழக்கம்போல முக்கால் அடி வரிசைகளில் நெருக்கமாக. இரண்டிலும் பாதி ஊர்க்காரர் ஒருவரிடம் வாங்கிய சம்பா என்ற நாட்டுக் கோதுமை, பாதி வடக்கிலிருந்து நண்பர் அனுப்பிய எச்.டி. 2967 என்ற குட்டை ரகம்.

விளைச்சல் என்பது மூன்றின் பெருக்கல்: சதுர மீட்டருக்கு எத்தனை கதிர், கதிருக்கு எத்தனை மணி, மணிக்கு என்ன எடை. ஒன்றை ஏற்றினால் இன்னொன்று இறங்குகிறது. எது எவ்வளவு இழுக்கிறது என்று கண்ணால் பார்க்கத்தான் இந்த வேலை.

அகல நின்ற செடிகள் பார்க்கவே கம்பீரம். எச்.டி. 2967இல் செடிக்கு இருபது தூர் வரை, அதாவது அடியிலிருந்து கிளைக்கும் தண்டுகள், வெடித்தது. வேலியோரம் போனவர்களெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நெருக்கமான பாத்தியில் செடிக்கு மூன்று தூர் இருந்தால் அதிகம். ஆனால் அறுத்து, அடித்து, பரப்பளவுக்குக் கணக்குப் போட்டதும் நெருக்கமான பாத்தி இரண்டு மடங்குக்கு மேல் தந்திருந்தது. அந்த இருபது தூரில் கடைசியாக வந்தவை பாதி பதர் வேறு.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், எச்.டி. 2967 ஒரு தூய வழி ரகம் என்பது. எல்லாச் செடிக்கும் ஏறக்குறைய ஒரே மரபு. அப்படியென்றால் இருபதுக்கும் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இடத்தால் வந்தது. தனியாக நிற்கும் செடியின் தூரை எண்ணி ‘நல்ல செடி’ என்று எடுத்தால், எடுத்தது மரபை அல்ல, இடைவெளியை. ஆஸ்திரேலியாவின் பயிர் விஞ்ஞானி டொனால்ட் 1968இல் இன்னும் ஒரு படி மேலே போனார். பக்கத்துச் செடியை அமுக்காத, ஒற்றைத் தண்டும் நிமிர்ந்த சிறு இலைகளும் பெரிய கதிரும் கொண்ட குட்டைச் செடிதான் வயலுக்கு ஏற்றது என்றார். ஒற்றைத் தண்டு எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. ஒரு செடி செத்தால் அந்த இடத்தை யார் நிரப்புவது?

அப்புறம் கண்ணாடி இலை, கதிருக்குக் கீழே கடைசியாக வரும் இலை. கதிர் வெளிவந்ததும் சில கதிர்களில் நூல் கட்டி, அந்தக் கடைசி இலையை மட்டும் நறுக்கினேன். மணி எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை, அது அதற்கு முன்பே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. எடைதான் விழுந்தது: ஆயிரம் மணிக்கு 41 கிராம் வந்த இடத்தில் 35. கதிரின் மீசையை (மணிகளிலிருந்து முள்போல நீளும் இழைகளை) நறுக்கியவற்றிலும் குறைவு உண்டு, ஆனால் லேசாக. மீதியைத் தண்டில் சேர்த்த சர்க்கரையும் பச்சைக் கதிரும் ஈடுகட்டியிருக்க வேண்டும்.

சம்பா மார்பளவு வளர்ந்து, ஒரு காற்றுமழையில் படுத்துவிட்டது. எச்.டி. 2967 அசையவில்லை. ஜப்பானின் நோரின் 10 என்ற கோதுமை ரகம் (1935) வழியாக வந்த குட்டை மரபணுக்களின் புண்ணியம்தான் இது. கோதுமை ஆராய்ச்சியாளர் போர்லாக் மெக்சிகோவில் அவற்றைச் சேர்த்து உருவாக்கிய ரகங்களைத்தான் 1966இல் இந்தியா 18,000 டன் விதையாக இறக்கியது. குட்டை என்றால் சாயாது என்பதோடு விஷயம் முடிவதில்லை. தண்டு நீளும் நேரமும் கதிர் உருவாகும் நேரமும் ஒன்றாக வருவதால், தண்டு விட்டுக்கொடுத்தது கதிருக்குப் போய் மணி கூடுகிறது. செடியின் மொத்த எடையில் தானியத்தின் பங்கு பழைய நெட்டை ரகங்களில் சுமார் 30 விழுக்காடு, இப்போதைய ரகங்களில் 40 முதல் 50. என் சம்பாவுக்கு இந்தக் கணக்கை இன்னும் போடவில்லை. உமி ஒட்டிய மணி அது, உரலில் குத்திப் பிரித்த பிறகுதான் தராசில் வைக்க முடியும்.

விதைக்கு எடுத்தது சம்பாவில் மட்டும், நாட்டு விதை கலப்பாக இருக்கும் என்பதால். பெரிய செடிகளைத் தொடவில்லை. ஓரத்து வரிசைக்கு வெளிச்சம் கூடுதல் என்பதால் அதையும் ஒதுக்கிவிட்டு, நெருக்கமான பாத்தியின் நடுவில் சாயாமல் நின்ற சிலவற்றை எடுத்துத் தனித்தனி உறையில் போட்டிருக்கிறேன். அடுத்த போகத்தில் உறைக்கு ஒரு வரிசை.