ஒட்டுத தாள்ல அட்ரஸ் வரணும், அம்புட்டுதான்

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போட்டு வெளியூருக்கு அனுப்பும் ஒரு அக்காவுக்கு லிப்ரெஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளின் ‘ரைட்டர் கைடு’ என்ற கையேடு எந்தப் பக்கத்தில் உதவும்? குறை சொல்ல முடியாத புத்தகம் அது. தன்னார்வலர்கள் எழுதியது, இலவசம், பட்டியலில் உள்ள முகவரிகளைத் தாளில் தானாக நிரப்பும் ‘மெயில் மெர்ஜு’க்கென்று தனி அத்தியாயமே உண்டு. ஆனால் அந்த அக்கா அம்பாசமுத்திரத்தில் என் சென்டருக்கு வந்து கேட்டது இப்படி: “தம்பி, மெட்ராசுக்கும் பம்பாய்க்கும் பார்சல் போவுது. அட்ரஸெல்லாம் நோட்டுல கிடக்கு. ஒட்டுத தாள்ல வரணும், அம்புட்டுதான்.”

மெயில் மெர்ஜ் என்று அவர் எதற்குத் தேடப்போகிறார்? அதனால் நான் எழுதும் தமிழ்க் குறிப்புக்கு ‘நோட்டில் உள்ள முகவரிகளை லேபிள் தாளில் அச்சடிக்க’ என்றே தலைப்பு வைத்தேன். நோட்டில் தொடங்கும், ஒட்டிய பார்சலில் முடியும். நடுவே கால்க் (கட்டம் போட்ட கணக்குத் தாள்), டேட்டாபேஸ் (தகவல் பட்டியல்), ரைட்டர் (எழுதும் பகுதி) என்று மூன்று இடத்துக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. அது மென்பொருளின் பாடு, வாசகருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

வேலை இவ்வளவுதான். கால்க்கில் முதல் வரியில் பெயர், தெரு, ஊர், பின்கோடு என்று தலைப்பு போட்டு, கீழே முகவரிகளை அடிக்க வேண்டும். அந்த ஃபைலை ஃபைல், விசார்ட்ஸ், அட்ரஸ் டேட்டா சோர்ஸ் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். பலர் நிற்பது இங்கேதான். பதிவு செய்யாவிட்டால், லேபிள் ஜன்னலில் டேட்டாபேஸ் பட்டியலைத் திறந்தால் நம் ஃபைல் இருக்காது. ஏன் இல்லை என்று அந்த ஜன்னல் வாய் திறக்காது. அப்புறம் ஃபைல், நியூ, லேபிள்ஸ். வேண்டிய கட்டங்களை (பெயர், தெரு போன்ற தலைப்புகளை) அம்புக்குறியால் உள்ளே தள்ளிவிட்டு, நியூ டாக்குமென்ட்.

அச்சுக்குக் கொடுக்கும்போது ‘ஃபார்ம் லெட்டராக அச்சடிக்கவா’ என்ற பொருளில் ஒரு கேள்வி வரும். தான் லெட்டர் எதுவும் எழுதவில்லையே என்று நினைத்து ‘நோ’ அழுத்துவார்கள். ‘எஸ்’ அழுத்தினால்தான் முகவரிகள் நிரம்பும்; ‘நோ’ என்றால் முகவரி வர வேண்டிய இடத்தில் கட்டத்தின் பெயர்தான் அச்சாகும். அந்த அக்கா ‘நோ’தான் அழுத்தினார். நியாயமாகப் பார்த்தால் அந்தக் கேள்விக்கு அதுதான் சரியான பதில்!

ஆகவே என் குறிப்பில் பாதிக்கு மேல் ‘இப்படி வந்தால்’ என்ற பகுதிதான். லேபிள் கீழே இறங்கிக்கொண்டே போனால், பிடிஎஃபாக மாற்றி அச்சடிக்கிறவர்கள் அந்த அச்சு ஜன்னலில் ‘ஃபிட்’டை எடுத்துவிட்டு ‘ஆக்சுவல் சைஸ்’ வையுங்கள்; முதலில் வெறும் தாளில் அச்சடித்து, லேபிள் தாளோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பென்டிரைவிலிருந்த ஃபைலை வேறு இடத்துக்கு மாற்றினால் இணைப்பு அறுந்துவிடும், திரும்பப் பதிவு செய்யுங்கள். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த பட்டியல் லேபிளில் ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தால், முதலில் யூனிகோடுக்கு (எல்லாக் கணினியிலும் படிக்கிற பொது எழுத்து முறைக்கு) மாற்றிக்கொள்ளுங்கள். நம் பக்கத்து அச்சகங்களில் இந்தக் கடைசிப் பிரச்சினை ரொம்ப சகஜம். வெளிநாட்டில் உட்கார்ந்து கையேடு எழுதுகிறவருக்கு இது எப்படித் தெரியும்?

இதெல்லாம் என் கண்டுபிடிப்பு இல்லை. 1980களிலேயே ஐபிஎம் ஆராய்ச்சி மையத்தில் ஜான் கரோல் என்பவர், வேர்ட் பிராசஸர் பழகுகிறவர்களைக் கூர்ந்து பார்த்தார். யாரும் கையேட்டை வரிசையாகப் படிக்கவில்லை. தங்கள் வேலையைச் செய்யப் பாய்ந்தார்கள், தவறினார்கள், மீள வழி தெரியாமல் நின்றார்கள். அதனால் கையேட்டைச் சுருக்கி, உண்மையான வேலைகளையும், தவறினால் மீளும் வழியையும் வைத்து எழுதிப் பார்த்தார்.

பிற்பாடு டேனியேலே புரோசிடா என்பவர் மென்பொருள் ஆவணங்களை நான்காகப் பிரித்தார்: பழகுவதற்கான பாடம், வேலையை முடிக்கும் வழிகாட்டி, சரிபார்க்கும் குறிப்பு, விளக்கம். இணையதளம் கட்டப் பயன்படும் ஜாங்கோ என்ற மென்பொருளின் ஆவணங்களில் இந்தப் பிரிவு நன்றாகத் தெரியும். எல்லாவற்றையும் வழிகாட்டியாக மாற்று என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. லேபிள் ஜன்னலின் ஒவ்வொரு பெட்டியும் என்ன செய்யும் என்று ஒரு நாள் எனக்கே தேவைப்படும். அன்றைக்கு ரைட்டர் கைடைத்தான் திறப்பேன்.

படம் நிறையப் போடச் சொல்லிச் சிலர் சண்டை பிடிக்கிறார்கள். பதிப்பு மாறினால் மெனுவும் இடம் மாறும், பிறகு அத்தனை படத்தையும் யார் மாற்றுவது? லேபிள் ஜன்னலுக்கு மட்டும் ஒரு படம் போட்டு, எந்தப் பதிப்பில் செய்து பார்த்தது என்று தலையிலேயே எழுதிவிடுகிறேன்.

எழுதியதைச் சரிபார்க்க, அந்த வேலை தெரியாத ஒருவரை உட்காரவைத்துப் பின்னால் நிற்பேன். மவுசைப் பிடுங்காமல் நிற்பதுதான் பெரும்பாடு.

இப்போது கையில் இருப்பது கல்யாண மொய்க் கணக்கு. நோட்டிலிருந்து கால்க்கில் ஏற்றி, ஊர்வாரியாக அடுக்கி அச்சடிக்க வேண்டும். ஊருக்கு ஊர் கூட்டுத்தொகையும் காட்டும் சப்டோட்டல் வரை போகலாமா, அடுக்கியதோடு நிறுத்தலாமா என்று முடிவு செய்யவில்லை. மொய் எழுத உட்காரும் அண்ணாச்சிமார் யாராவது இதைப் படித்தால், கல்யாணம் முடிந்த மறுநாள் அந்த நோட்டை வைத்து வீட்டுக்காரர் முதலில் என்ன கேட்பார் என்று எனக்குச் சொல்லுங்கள்.