தண்டுவடக் காயத்துக்குப் பிறகு: தம்பியோடு எங்கள் வீடு கற்றுக்கொண்டவை

என் தம்பி மும்பையில் செம்பூரில் குடியிருக்கிறான். மழைக்காலத்துக்கு முன்னால் மொட்டைமாடியில் தார்ப்பாய் கட்டும்போது விழுந்ததில் முதுகெலும்பு முறிந்து தண்டுவடம் நசுங்கியது. மருத்துவர்கள் அதை ‘டி4, கம்ப்ளீட்’ என்று குறித்தார்கள்; மார்பின் நான்காவது முதுகெலும்பு மட்டத்தில் தண்டுவடம் முழுமையாகச் செயலிழந்தது என்று அதற்குப் பொருள். கைகள் முழு வலுவோடு இருக்கின்றன. மார்புக்காம்பு மட்டத்துக்குக் கீழே தொடு உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. அறுவை சிகிச்சை முடிந்து அவனை வீட்டுக்கு அழைத்து வந்தது முதல் அவன் மீண்டும் வங்கி வேலைக்குப் போனது வரை, அவன் மனைவியோடும் எங்கள் அம்மாவோடும் அக்காவாகிய நானும் உடனிருந்தேன். இதே நிலையில் ஒருவரை வீட்டுக்கு அழைத்து வரக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

உறவினர் அனைவரும் கேட்ட கேள்வி, எப்போது நடப்பான் என்பதுதான். மறுவாழ்வு மருத்துவர் எங்கள் கவனத்தை வேறு பக்கம் திருப்பினார். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் சிறுநீரகத் தொற்றாலும் படுக்கைப்புண்ணாலும் சீக்கிரமே இறந்தார்கள் என்றும், 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது போன்ற இடைவிடாத பராமரிப்பாலேயே அந்த நிலையை மாற்றினார் என்றும் விளக்கினார். அன்றிலிருந்து சிறுநீர்ப்பை, தோல், குடல் என்ற மூன்றுக்குமான அன்றாட ஒழுங்கே எங்கள் வீட்டின் முதல் வேலையானது. அந்த ஒழுங்கு முழுவதும் எவ்வளவு விரைவில் தம்பியின் கைக்குப் போகிறதோ அவ்வளவு விரைவில் அவன் மீள்வான் என்பது என் உறுதியான எண்ணம். கைகள் இயங்கும் ஒருவருக்குக் குடும்பம் எல்லாவற்றையும் செய்து கொடுத்துக்கொண்டே இருந்தால், அவர் தன் உடம்புக்கே விருந்தாளியாகிவிடுவார்.

மருத்துவமனையிலிருந்து வரும்போது, சிறுநீரை வெளியேற்ற நிரந்தரமாகப் பொருத்திய குழாயும் (கதீட்டர்) சிறுநீரைச் சேர்க்கும் வெளிப்பையும் இருந்தன. மறுவாழ்வுப் பயிற்சியில் அதை எடுத்துவிட்டு, 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை அவனே மெல்லிய குழாயைச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றிவிட்டு உடனே குழாயை எடுத்துவிடும் முறையைக் கற்பித்தார்கள். கையுறை இல்லாமல், சோப்புப் போட்டுக் கழுவிய வெறும் கையால் செய்வதைப் பார்த்து அம்மா மிகவும் பயந்தார். 1972இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடிஸ் இந்தச் சுத்தமுறையை வெளியிட்டதையும், சிறுநீர் தேங்கிச் சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி விரிவதுதான் தொற்றுக்குப் பெரிய காரணம் என்று அவர் காட்டியதையும் செவிலியர் பொறுமையாக எடுத்துச் சொன்ன பிறகே அம்மாவின் மனம் சமாதானமாயிற்று. ஒரு தடவைக்கு 500 மில்லிலிட்டரைத் தாண்டக் கூடாது என்பது எங்களுக்குத் தந்த வரம்பு. அதனால் எவ்வளவு குடித்தான், எவ்வளவு வெளியேறியது என்று ஒரு நோட்டில் எழுதினோம். பிறகு அந்த நோட்டையும் அவனே எழுத ஆரம்பித்தான். சிறுநீர் கலங்கியோ நாற்றமடித்தோ இருந்து காய்ச்சலும் வந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போகிறோம். வலி தெரியாத உடம்பு வேறு விதமாக முன்னறிவிப்புத் தராது.

குடலுக்கும் அதே கண்டிப்பு வேண்டும். காலை உணவு முடிந்த சிறிது நேரத்தில் குடல் தானாகவே அசையத் தொடங்கும் என்பதால், அந்த நேரத்தை ஒட்டிச் சப்போசிட்டரி (ஆசனவாயில் வைக்கும் மருந்து) வைத்து, கமோடு நாற்காலியில் உட்காருவதை வழக்கமாக்கிக்கொண்டான். குளியலறைக் கதவின் அகலம் வீல்சேருக்குப் போதவில்லை என்பதால் கதவையும் நிலையையும் எடுத்துவிட்டுத் திரை போட்டோம். இதைப் பற்றிப் பேச யாருமே விரும்புவதில்லை. ஆனால் வெளியே போவதற்கான துணிவு அவனுக்கு வந்தது இந்த ஒழுங்கு நிலைபெற்ற பிறகுதான்.

தோலைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். அங்கிருந்து வந்த பெரியவர்கள் தைலம் போட்டு உருவிவிடவும், சூடான ஒத்தடம் கொடுக்கவும் சொன்னார்கள். அன்போடு சொன்னதுதான், ஆனால் உணர்வில்லாத தோலில் சூடு பட்டால் வெந்துபோவதுகூட அவனுக்குத் தெரியாது. “ஏய்யா, உன் அம்மா கையால ஒரு ஒத்தடம் கொடுக்கக் கூடாதா?” என்று அம்மா கேட்டபோது, “தோள்ல கொடு அம்மா, அங்க எனக்குத் தெரியும்” என்று தம்பி பதில் சொன்னான். வீல்சேரைக் கையால் தள்ளித் தள்ளி அவன் தோள்கள் உண்மையிலேயே வலித்தன; அன்றிலிருந்து அம்மாவின் ஒத்தடம் தோளுக்குப் போயிற்று. உட்கார்ந்திருக்கும்போது கால் மணியிலிருந்து அரை மணிக்குள் ஒருமுறை முன்னால் சாய்ந்தோ கைகளால் உடம்பைத் தூக்கியோ புட்டத்தின் அழுத்தத்தை நீக்குகிறான். அதற்குக் கைப்பேசியில் அலாரம் வைத்திருக்கிறான். இரவில் நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடியால் முதுகின் அடிப்பகுதியையும் குதிகாலையும் தானே பார்க்கிறான். எங்காவது சிவந்து, அழுத்தத்தை நீக்கிய பிறகும் அந்தச் சிவப்பு மறையவில்லை என்றால், அது மறையும் வரை அந்த இடத்தின் மேல் உட்காருவதோ படுப்பதோ இல்லை.

மார்பின் ஆறாவது முதுகெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களின் வீட்டார் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. சிறுநீர்ப்பை நிரம்பினாலோ, குழாய் அடைத்தாலோ, மலம் கட்டினாலோ, அந்தத் தொந்தரவை உணர முடியாத உடம்பு ரத்த அழுத்தத்தைத் திடீரென ஏற்றிவிடும். ஒரு மாலை அவனுக்குத் தலை பிளப்பது போன்ற வலியும் முகமெல்லாம் வியர்வையும் வந்தன. அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 140 என்பதைப் பார்த்து, பெரிதாக ஒன்றுமில்லை என்று அவனைப் படுக்கச் சொன்னார். அவனுடைய வழக்கமான அளவு 100 என்பதும், படுக்க வைத்தால் அழுத்தம் இன்னும் ஏறும் என்பதும் அவன் மனைவிக்குத் தெரிந்திருந்தன. அவனை நிமிர்த்தி உட்கார வைத்து, இடுப்பில் இருந்த இறுக்கத்தைத் தளர்த்தி, குழாய் போட்டுச் சிறுநீரை எடுத்ததும் வலி இறங்கியது. இப்போது இந்த விவரங்களை மராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட அட்டை ஒன்று அவன் சட்டைப் பையில் எப்போதும் இருக்கிறது.

கட்டட வாசலில் இருந்த 15 சென்டிமீட்டர் படிக்குச் சாய்தளம் போட, குடியிருப்போர் சங்கத்தின் அனுமதி தேவைப்பட்டது. ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் போட்டால்தான் தானே தள்ளிக்கொண்டு ஏற முடியும். அதற்கு 180 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். அந்த நீளம் ஒரு ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்தை எடுத்துக்கொள்வதால் பேச்சு இழுத்தது. செயலாளரே ஒருமுறை அவனைப் பின்னாலிருந்து தள்ளிப் பார்த்த பிறகு அனுமதி கிடைத்தது.

வேலை போய்விடும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடச் சொன்னவர்களும் உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு, அரசு நிறுவனங்களில் பணியில் இருக்கும்போது ஊனமடைந்த ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்றும், பழைய பொறுப்பு பொருந்தாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்றும் சொல்கிறது. தம்பி வேலை பார்ப்பது அரசுடைமை வங்கி என்பதால் இது அவனுக்குப் பொருந்தியது. ஆகவே எந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்தப் பிரிவைப் படித்துவிடுங்கள்.

அவன் மனதைத் தேற்ற எங்களால் முடிந்தது குறைவு. முதல் மாதங்களில் அவன் பேச்சே குறைந்துபோயிருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் அமர் சேவா சங்கத்தை நிறுவிய எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975இல், பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வின் உடல்திறன் சோதனையில் கீழே விழுந்து அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் என்பதை அம்மா சொல்லச் சொல்ல, அவன் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தான். அவனை அசைத்தவர் சயான் கோலிவாடாவிலிருந்து தன் வீல்சேரிலேயே வந்த ஒரு பெரியவர். ஆறுதல் வார்த்தை ஒன்றும் பேசாமல், டாக்சி இருக்கைக்கு மாறுவது எப்படி, மழையில் சக்கரம் வழுக்கினால் எங்கே பிடிப்பது, கணவன் மனைவி உறவு பற்றி எந்த மருத்துவரிடம் கேட்பது என்பதையெல்லாம் பேசிவிட்டுப் போனார். மறுநாளே தம்பி டாக்சி ஒன்றை வரவழைக்கச் சொன்னான்.

அவன் மனைவி மீண்டும் பள்ளிக்கூட வேலைக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே போய்விடுவதால் அன்று அவளுக்கு வீட்டுப் பொறுப்பு எதுவும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரகத்துக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்துவிடுகிறோம். தை மாதம் ஊரில் நடக்கும் கல்யாணத்துக்கு ரயிலில் போக வேண்டும் என்று தம்பி சொல்லியிருக்கிறான். சாதாரணப் பெட்டியின் கழிப்பறைக்குள் வீல்சேர் நுழையாது என்பதால், படுக்கையில் இருந்தபடியே பையோடு சேர்ந்த கதீட்டரைப் பயன்படுத்துவதற்கும், புறப்படும் நாளின் காலை உணவை எத்தனை மணிக்கு வைத்துக்கொள்வது என்பதற்கும் அந்த நோட்டில் இப்போதே கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறான்.