சராசரி மழையை நம்பி நெல் நட முடியாது

எங்கள் குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையை நம்பிக் கன்னிப்பூ, ஐப்பசியில் வரும் வடகிழக்கு மழையை நம்பிக் கும்பப்பூ என்று வருஷத்துக்கு இரண்டு போகம் நெல் விளைந்த மண் இது, அதனால் ஒன்று பொய்த்தாலும் இன்னொன்று கைகொடுக்கும் என்ற தைரியம் நமக்கு எப்போதும் உண்டு. சரி, அது எவ்வளவு தூரம் உண்மை?

பசிபிக் கடல் சூடாகி எல் நினோ வந்தால் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குறையும், தமிழ்நாட்டில் வடகிழக்கு மழை கூடும். 2015 சென்னை வெள்ளம் அப்படி ஓர் எல் நினோ ஆண்டில்தான். மறு வருஷமே, 2016-ல், தமிழ்நாட்டில் வடகிழக்கு மழை 62 சதவீதம் குறைந்தது. அடுத்த நவம்பரில் ஒக்கிப் புயல் வந்து நம் ரப்பரையும் வாழையையும் சாய்த்து, கடலுக்குப் போனவர்களையும் கொண்டுபோனது.

இது நம் ஊர்க்கதை மட்டுமல்ல. 1876 முதல் 1878 வரை இந்தியா, சீனா, வடகிழக்கு பிரேசில் என்று ஒரே சமயத்தில் வறண்டு பஞ்சத்தில் மாண்டவர்கள் கோடிக்கணக்கில். ஆப்பிரிக்காவில் சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சாஹேலில் 1960-களின் கடைசியில் தொடங்கிய நீண்ட வறட்சிக்கு, அளவுக்கு மீறி ஆடுமாடு மேய்த்ததே காரணம் என்று முதலில் அங்குள்ள ஏழைகள் மேல் பழி போட்டார்கள். அப்புறம்தான் கடல் வெப்பநிலை மாறியதே முக்கியக் காரணம் என்று தெரிந்தது. அந்தப் பழியை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

ஆண்டு மொத்தத்தை மட்டும் பார்த்து 'மழை சராசரிதான்' என்று சொல்வதும் எனக்கு ஒப்பவில்லை. நாலு நாளில் கொட்டித் தீர்த்தாலும் கணக்கு சரியாகிவிடும், ஆனால் ரப்பர் மரத்தின் வெட்டுப்பட்டையில் தண்ணீர் வழிந்து பால் பிடிக்கும் சிரட்டையில் இறங்கினால் அன்றைய ரப்பர் பால் போச்சு, பால்வெட்டுகிறவருக்குக் கூலியும் போச்சு. பேச்சிப்பாறை அணை நிரம்பினாலும், தூர்ந்து ஆகாயத்தாமரை மூடிய குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும்? அடுத்த ஐப்பசிக்கு முன்னால் குளங்களைத் தூர்வாரச் சொல்லி ஒவ்வொரு ஊரிலும் கிராமசபையில் கேட்க வேண்டும்.