கலிங்கத்தில் மட்டும் காணோம்

அசோகர் கலிங்கப் போருக்காக வருந்தினார் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம், ஆனால் அந்த வருத்தத்தை எங்கே எழுதி வைத்தார் என்று யாரும் சொல்லித்தரவில்லை. 1,50,000 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், 1,00,000 பேர் கொல்லப்பட்டார்கள் என்று கணக்கோடு ஒப்புக்கொள்ளும் 13ஆம் பாறைக் கல்வெட்டு (ஒரே வாசகத்தைப் பல ஊர்ப் பாறைகளில் வெட்டிவைத்த ஆணை வரிசையில் ஒன்று) பாகிஸ்தானின் ஷாபாஸ்கடியில் இருக்கிறது, உத்தராகண்டின் கால்சியில் இருக்கிறது, ஆந்திராவின் எர்ரகுடியில் இருக்கிறது. அடி வாங்கிய கலிங்கத்தில், அதாவது இன்றைய ஒடிசாவின் தௌலியிலும் ஜௌகடாவிலும், மட்டும் இல்லை!

அங்கே அந்த வரிசையில் 11 முதல் 13 வரை விட்டுவிட்டு வேறு இரண்டு ஆணைகளை வெட்டியிருக்கிறார்கள். எல்லா மனிதரும் என் பிள்ளைகள் என்பது அவற்றில்தான் வருகிறது; காரணமில்லாமல் யாரையும் சிறையில் போட்டு வதைக்கக் கூடாது என்று கலிங்கத்து நகரமான தோசலியின் அதிகாரிகளுக்குக் கண்டிப்பும் உண்டு. சரி, உறவைப் பறிகொடுத்தவர்களிடமே போய் எண்ணிக்கை சொல்வானேன் என்று நினைத்திருக்கலாம். எனக்கென்னவோ இது சுத்த அரசியலாகத்தான் படுகிறது.

அப்புறம், அதே 13இல், சோழர் பாண்டியர் நாடுவரை தருமத்தால் வென்றேன் என்று பெருமைப்படுகிறவர், காட்டில் வாழும் மக்களைப் பார்த்து, நான் வருந்தினாலும் என்னிடம் பலம் இருக்கிறது, ஒழுங்காக இருங்கள், இல்லாவிட்டால் உயிர் போகும் என்கிற தோரணையில் மிரட்டவும் செய்கிறார்.