அந்த நடைவழிச் சண்டை

நேற்று ராத்திரி டேர்டெவில் என்ற சூப்பர்ஹீரோ தொடரின் முதல் சீசனில் 2ஆவது எபிசோடை மறுபடி பார்த்தேன். 2015இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. கடத்தப்பட்ட சிறுவனை மீட்க, ஏற்கெனவே அடிபட்டுக் கிடந்த நாயகன் மாட் மர்டாக் போகிறான். குறுகலான நடைவழி, வெட்டே தெரியாமல் ஒரே ஷாட்டாக நகரும் கேமரா. அடி வாங்கியவன் திரும்ப எழுகிறான். மாட்டுக்கு மூச்சு வாங்குகிறது, சுவரில் சாய்கிறான், அப்புறம் மறுபடியும் அடிக்கிறான். சூப்பர்ஹீரோ களைத்துப்போவதை இவ்வளவு நேர்மையாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

இடையிடையே அவன் அப்பா ஜாக்கின் கதை. தோற்கச் சொல்லிப் பணம் கொடுத்தும், மகனுக்காக ஜெயித்து உயிரை விட்ட குத்துச்சண்டைக்காரர். கடைசியில் மாட் தள்ளாடியபடி அந்தப் பையனைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது கண் கலங்கிவிட்டது.