செக்கடிக் குறிப்புகள்

ஜூலை 12, 2025, சனி

அண்ணன் மகன் எடுத்துப் போட்ட ரீல்ஸ் ராத்திரியோடு லட்சம் வியூஸைத் தாண்டிவிட்டது. நம் செக்கில் எள் ஆட்டுகையில் கருப்பட்டியைத் தட்டிப் போடுகிற இடம்தான். அதுவரை பொடியாகச் சுற்றிக்கொண்டிருந்த எள், கருப்பட்டி விழுந்ததும் பிசுபிசுவென்று திரண்டு, உலக்கையோரம் எண்ணெய் கசியத் தொடங்கும். எனக்கு அன்றாடம், பார்க்கிறவர்களுக்கு அதிசயம்.

போன் ஓயவில்லை. "லிட்டர் என்ன விலைங்க?" சொன்னால், "சரிங்க, அப்புறம் கூப்பிடறனுங்க." அவ்வளவுதான். மாடு கட்டி ஆட்டுகிறோமா என்றும் சிலர். மோட்டார்தான் என்றதும் அவர்களுக்குச் சப்பென்று போய்விட்டது.

என் அத்தை கேட்டார்: "இத்தன பேரு பாத்தாங்கன்னா டிரம்முல எண்ணெய் கொறையோணுமில்ல கண்ணு?"

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. கொடுமுடிக்குப் போகிற கார்கள் சிவகிரி தாண்டி நம் கடையிலும் நின்றன. ரீல்ஸைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் செக்கோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். உள்ளங்கையில் ரெண்டு சொட்டு விட்டு முகரச் சொன்னவர்களில் பாதிப் பேர் வாங்கினார்கள். ஆனால் லிட்டர் வேண்டாமாம், "சின்னதா இருக்குதுங்களா?" இனிமேல் அரை லிட்டர் பாட்டில் வைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மளிகைக் கடை பாக்கெட் விலையைச் சொல்லித்தான் எல்லோரும் பேரம். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். பருப்பு விலையைப் பெருக்கிப் பார்த்தாலே கணக்கு தெரிந்துவிடும். செக்கில் ஆட்டினால் பிண்ணாக்கிலேயே கொஞ்சம் எண்ணெய் நின்றுவிடும். பெரிய ஆலைகளில் அதையும் விடாமல் ஹெக்ஸேன் என்கிற ரசாயனத்தை ஊற்றி இழுக்கிறார்கள். நமக்கு நின்றது கறவை மாட்டுக்கு ஆகும், பிண்ணாக்கு விற்ற காசும் கணக்கில் சேரும்.

இதை அப்படியே தராசு, பருப்பு, பிண்ணாக்கோடு ஒரு வீடியோவாக எடுக்க அண்ணன் மகனிடம் சொன்னேன். "ஓடாதுங்க அத்தை" என்றான். ஓடவில்லைதான். ஆனால் அதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டவர்கள் விலையைப் பேசவில்லை, எப்போது வரும் என்றுதான் கேட்டார்கள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

சென்னைக்கு ஒரு லிட்டர் கேட்டார் ஒருவர். எண்ணெய் 910 கிராம்தான். கேனும் அட்டைப்பெட்டியும் சேர்ந்தால் கிலோவைத் தாண்டி அடுத்த ரேட்டில் போய் விழுகிறது. கூரியர் காசைச் சொன்னதும் ஆள் பேசவில்லை. லட்சம் வியூஸில் பாதி இப்படித் தூரத்து ஊர்களாகத்தான் இருக்கும். அஞ்சு லிட்டர் கேனாக லாரி பார்சலில் போட்டால் கட்டுபடியாகும், ஆனால் முதல் தடவையே அஞ்சு லிட்டர் யார் வாங்குவார்கள்?

ஒரு பார்சல் வழியில் ஒழுகிப் போயிருக்கிறது. இனி உள்மூடியை அழுத்தி, மேல்மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, கேனை ஒரு மணி நேரம் தலைகீழாக நிறுத்திப் பார்த்த பிறகுதான் பெட்டியில் வைப்பது.

அக்டோபர் 6, திங்கள்

இப்போது ஆர்டர் நோட்டில் "எப்படித் தெரியும்?" என்று கேட்டு எழுதுகிறேன். புரட்டிப் பார்த்தால், வெறும் ரீல்ஸைப் பார்த்து வாங்கினவர்கள் சொற்பம். பெரும்பாலும், "எங்க நங்கையா (அண்ணி) உங்ககிட்டத்தான் வாங்குவாங்க, அப்புறம் வீடியோவும் பாத்தமுங்க." சம்பந்தம் பேசப் போகிறவர்கள் ஊருக்குள் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்வார்களே, வீடியோ செய்கிற வேலை அதுதான். ஆளைக் கூட்டி வருவது நங்கையாவின் வாய்.

நம்பரையும் மறக்காமல் எழுதிக்கொள்கிறேன். 2020 ஜூனில் டிக்டாக்கைத் தடை செய்தபோது, அதை நம்பியே சேலை விற்ற தெரிந்த பெண் ஒருத்தியிடம் வாடிக்கைக்காரர் ஒருவர் நம்பரும் இல்லை. பாலோயர்ஸ் எல்லாம் ஒரே ராத்திரியில் போயிற்று.

அண்ணன் மகனுக்கு யூடியூபில் ஆயிரம் சப்ஸ்கிரைபரும் நாலாயிரம் மணி நேரமும் சேர்த்து விளம்பரக் காசு பார்க்க ஆசை. பார்க்கட்டும். அது அவன் தொழில், எண்ணெய் என் தொழில்.

அக்டோபர் 18, சனி

திங்கள்கிழமை தீபாவளி. முறுக்குக்குக் கடலை எண்ணெய், நோட்டில் இருக்கிற பழைய நம்பர்கள்தான் வரிசையாக அடிக்கின்றன. ஆடியில் அரை லிட்டர் கேட்டவர்களில் சிலர் இப்போது அஞ்சு லிட்டர். பண்டிகைக்கு ஒரு ரீல்ஸ் போடலாமா என்றான் அண்ணன் மகன். வேண்டாம், இருக்கிற ஆர்டருக்கே ஆட்டி மாளவில்லை, வந்து கேனுக்கு டேப் ஒட்டு என்றேன்.